சமாரா ஜாயின் ‘போர்ட்ரெய்ட்’: குரல் ஏன் பின்னால் நிற்கிறது?

மயிலை மாடிவீடு:

அமெரிக்க ஜாஸ் பாடகி சமாரா ஜாயின் ‘போர்ட்ரெய்ட்’ ஆல்பத்தை இங்கே எத்தனை பேர் முழுதாகக் கேட்டிருக்கிறீர்கள்? 2024 அக்டோபரில் வெர்வ் நிறுவனம் வெளியிட்டது. எட்டே பாட்டு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாட்டு பிரமாதம், ஒலிப்பதிவு ஏமாற்றம்.

2022இல் வந்த ‘லிங்கர் அவைல்’ எனக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம். அதில் கிதார், பியானோ, டபுள் பாஸ், டிரம்ஸ் என்று சின்னக் கூட்டம். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் முன்னால் வந்து நிற்கும். வரிக்கு வரி மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். அந்த ஆல்பத்துக்குத்தான் 2023 கிராமியில் சிறந்த ஜாஸ் குரலிசை ஆல்பம் விருது கிடைத்தது. சிறந்த புதிய கலைஞர் விருதும் அன்றைக்கே அவருக்கு வந்தது. பிறந்தது 1999 என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

புதிய ஆல்பத்தில் டிரம்பெட், டிராம்போன், ஆல்டோ சாக்ஸ், டெனர் சாக்ஸ் என்று நான்கு ஊதுகருவிகள் சேர்ந்திருக்கின்றன. அவை எழுந்தவுடன் குரல் கூட்டத்துக்குள் போய்விடுகிறது. முதல் பாட்டிலேயே நான் ஒலியளவைக் கூட்டினேன். உடனே டிரம்பெட் காதைக் கிழித்தது. குறைத்தேன், பாடகி காணாமல் போனார். இப்படியே ரிமோட்டும் கையுமாக எட்டுப் பாட்டும் முடிந்தது.

பணம் கொடுத்து 24 பிட் கோப்பு வாங்கியிருக்கிறேன். சிஸ்டமும் மோசமில்லை: ஐந்து அங்குல புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், நல்ல ஆம்ப், தனி டிஏசி (டிஜிட்டல் கோப்பை ஒலி அலையாக மாற்றும் பெட்டி). இவ்வளவும் இருந்தும் ஏன் இப்படிக் கேட்கிறது? மிக்ஸிங்கில், அதாவது குரலையும் கருவிகளையும் அளவாகக் கலக்கும் வேலையில், கோட்டை விட்டார்களா?

வேளச்சேரி ஹெட்போன்:

எனக்குக் குரல் நடுவில்தான் கேட்கிறது சார். ஐபோன், ப்ளூடூத் ஹெட்போன், ஆப்பிள் மியூசிக்கில் லாஸ்லெஸ் (தரம் குறையாத கோப்பு). என் பிரச்சினை வேறு. ‘ஸ்’, ‘ட்ஸ்’ என்று முடிகிற வார்த்தைகள் ஊசி மாதிரி குத்துகின்றன. ரயிலில் கேட்கும்போது தெரியவில்லை, ராத்திரி அமைதியில் கேட்டால் தாங்கவில்லை.

ரிச்சி தெரு:

வேளச்சேரித் தம்பிக்கு முதலில். ஐபோன் ப்ளூடூத்தில் ஏஏசி, எஸ்பிசி என்ற இரண்டு கோடெக்தான் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) போகும். எல்டாக் என்கிற கோடெக் கிடையாது. திரையில் லாஸ்லெஸ் என்று எழுதியிருந்தாலும் காற்றில் போகும்போது அது சுருக்கப்பட்டுத்தான் ஹெட்போனுக்கு வருகிறது. அதனால் கெட்டுவிடுகிறது என்று சொல்லவில்லை, ஏஏசி நல்ல கோடெக்தான். ஆனால் ‘லாஸ்லெஸ்ஸில் கேட்டேன், குத்துகிறது’ என்று ஆல்பத்தின் மேல் பழி போடுவதற்கு முன்னால் ஒயர் போட்டு ஒரு தடவை கேளுங்கள்.

மயிலை சாருக்கு ஒரு கேள்வி. இரண்டு ஆல்பத்தையும் ஒரே சத்தத்தில் வைத்து ஒப்பிட்டீர்களா? நான் ரிமோட்டில் தெரிகிற எண்ணைக் கேட்கவில்லை, காதுக்கு வருகிற சத்தத்தைக் கேட்கிறேன். ஒன்று மற்றதைவிட ஒன்றிரண்டு டெசிபல் கூட இருந்தாலே ‘இதுதான் தெளிவு’ என்று மூளை தீர்ப்பு எழுதிவிடும். ஸ்ட்ரீமிங் செயலிகள் இதற்காகவே எல்லாவற்றையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவருகின்றன. ஸ்பாட்டிஃபையின் சாதாரண அமைப்பில் அது மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு). வாங்கிய கோப்பை நேராக ஓட்டும்போது அந்தச் சரிக்கட்டல் பெரும்பாலும் நடக்காது. அப்புறம், ஏற்ற இறக்கம் அதிகமுள்ள பதிவில் மெல்லிய இடம் நிஜமாகவே மெல்லியதாகத்தான் இருக்கும். அதைக் குறை என்று சொல்ல முடியாது.

கோடம்பாக்கம் ஃபேடர்:

இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் சினிமாப் பாட்டு மிக்ஸ் செய்யும்போது முதல் விதி, வார்த்தை புரிய வேண்டும். இசையமைப்பாளர் சொல்கிறாரோ இல்லையோ, இயக்குநர் சொல்வார், பாடலாசிரியர் சொல்வார், ஆடியோ உரிமை வாங்கியவர் போன் போட்டுச் சொல்வார். குரலை நன்றாகக் கம்ப்ரஸ் செய்து (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைத்து), ஃபேடரில் (ஒலியளவுத் தள்ளுகோலில்) வரிக்கு வரி ஏற்றி இறக்கி, நாற்பது வயலின் ஒன்றாக எழுந்தாலும் மேலேயே நிற்க வைப்போம். குரல் தனி அறையில், பல சமயம் தனி நாளில், சில சமயம் தனி ஊரில் பதிவாகியிருக்கும். அதனால் எவ்வளவு ஏற்றினாலும் கூடவே வேறு எதுவும் வராது. ஐம்பது வருஷமாக நம் காது பழகியது இதற்குத்தான்.

‘போர்ட்ரெய்ட்’ பதிவானது நியூஜெர்சியில் இங்கிள்வுட் கிளிஃப்ஸில் உள்ள வான் கெல்டர் ஸ்டூடியோவில். ரூடி வான் கெல்டர் 1959இல் கட்டியது. அதற்கு முன் அவர் பகலில் கண் பரிசோதகர், மற்ற நேரத்தில் ஹேக்கன்ஸாக்கில் அப்பா அம்மா வீட்டு வரவேற்பறையில் ஒலிப்பதிவாளர். புதிய ஸ்டூடியோவின் கூரை மரத்தால் ஆனது, வில் மாதிரி வளைந்த மர உத்திரங்களோடு 39 அடி உயரத்துக்குத் தேவாலயம் போல ஏறிப் போகும். சாக்ஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1964 டிசம்பரில் ‘எ லவ் சுப்ரீம்’ பதிவு செய்தது அங்கேதான். 2016இல் ரூடி இறந்த பிறகும் ஸ்டூடியோ நடக்கிறது.

அப்படிப்பட்ட அறையின் பெருமையே எல்லோரும் ஒன்றாக இருந்து வாசிப்பதில்தான் இருக்கிறது. அப்படி வாசித்தால் டிரம்பெட் சத்தம் பாடுபவரின் மைக்கிலும் கொஞ்சம் விழும், குரல் பியானோ மைக்கில் விழும். நாங்கள் இதை ‘பிளீட்’ என்போம். பிளீட் இருந்தால் குரல் ஃபேடரை ஏற்றும்போது டிரம்பெட்டும் கூடவே ஏறும். மயிலை சார் ரிமோட்டை வைத்துக்கொண்டு பட்ட அவஸ்தையை மிக்ஸ் செய்கிறவரும் வேறு விதத்தில் படுவார்.

ஆனால் என் காதுக்கு இது தற்செயலாக வந்த விளைவு இல்லை. இசை ஏற்பாடுகளை, அதாவது எந்தக் கருவி எங்கே எதை வாசிக்கிறது என்பதை, கவனியுங்கள். பல இடங்களில் அவர் வார்த்தையே இல்லாமல் ஊதுகருவிகளோடு சேர்ந்து அதே வரியை எடுக்கிறார், ஐந்தாவது ஊதுகருவியாக. அந்த இடத்தில் குரலைத் தூக்கி முன்னால் வைத்தால் அந்தச் சேர்க்கையே உடைந்துவிடும். மிக்ஸ் செய்தவருக்கு அது தெரிந்திருக்கிறது.

மடிப்பாக்கம் மோனோ:

வந்துவிட்டது. வான் கெல்டர் பேரைச் சொன்னவுடன் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிடுகிறீர்கள்.

அந்த மனிதர் பதிவு செய்த பியானோ பெட்டிக்குள் வைத்து வாசித்த மாதிரி இருக்கும் என்று அந்தக் காலத்திலேயே குறை சொன்னவர்கள் உண்டு. பாஸ் கலைஞர் சார்ல்ஸ் மிங்கஸ் அவரிடம் போவதையே நிறுத்தினார், தன் பாஸின் நாதத்தை மாற்றிக் கெடுத்துவிட்டார் என்பது புகார். இந்த ஆல்பத்தில் மிங்கஸின் பாட்டு ஒன்று இருக்கிறதே, ‘ரீஇன்கார்னேஷன் ஆஃப் அ லவ்பேர்ட்’. மிங்கஸ் கால் வைக்க மறுத்த ஆளின் அறையில் மிங்கஸின் பாட்டு. யாருக்கும் உறுத்தவில்லையா?

ஃபேடர் சார் சொல்கிற ‘ஐந்தாவது ஊதுகருவி’ எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. அட்டையில் இருப்பது ஒருவர் பெயர். பாடகியின் ஆல்பம் என்று விற்றுவிட்டு பாடகியைத் தேடச் சொல்வது என்ன நியாயம்?

பெரம்பூர் டிரம்பெட்:

மோனோ தம்பி, மிங்கஸ் புகார் சொன்னது ரூடி என்கிற ஆளைப் பற்றி. ரூடியின் கையும் மைக் வைக்கிற முறையும்தான் அவருக்கு ஆகவில்லை. அதுவும் 1960 வாக்கில். இப்போது அங்கே உட்கார்ந்து பதிவு செய்கிறவர்கள் வேறு, கருவிகளும் வேறு. கூரையும் மரமும் என்ன தப்பு செய்தன?

இன்னொன்று. அந்தப் பாட்டு சாக்ஸ் கலைஞர் சார்லி பார்க்கருக்காக மிங்கஸ் எழுதியது, வெறும் வாத்தியப் பாட்டு. சமாரா அதற்கு வரி எழுதிப் பாடியிருக்கிறார். பியானோ கலைஞர் பாரி ஹாரிஸின் ‘நவ் அண்ட் தென்’னுக்கும் அப்படியே. ஹாரிஸ் அவருக்கு வழிகாட்டி, 2021 டிசம்பரில் காலமானார். பியானோவிலும் சாக்ஸிலும் வாசிக்க எழுதிய வரிகளைத் தொண்டையால் பிடிக்கிற காரியம் இது. குதிக்கிற இடைவெளிகள் எல்லாம் விரலுக்கு வசதி, குரலுக்கு எமன். எங்கள் பேட்டையில் ரயில்வே இன்ஸ்டிட்யூட் நடனங்களில் ஊதி வளர்ந்த பெரியவர்கள் சொல்வார்கள், பாடகி பின்னால் ஊதுவது கஷ்டமில்லை, பாடகியோடு ஊதுவதுதான் கஷ்டம் என்று. டிரம்பெட்டில் கொஞ்சம் கூட ஊதிவிட்டால் குரல் செத்துப்போகும். இந்தப் பசங்க அளவு தெரிந்து ஊதுகிறார்கள். ஏற்பாடுகளை எழுதியதும் குழுவில் இருக்கிறவர்களேதான், அதனால் ஒவ்வொருவருக்கும் எங்கே ஒதுங்க வேண்டும் என்று தெரிகிறது.

(இடையில் ஒரு சங்கதி. 1958இல் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் குழு மெட்ராஸ் வந்தபோது டிரம்மர் ஜோ மொரெல்லோவும் மிருதங்கம் பழனி சுப்பிரமணிய பிள்ளையும் சேர்ந்து வாசித்தார்கள். பிள்ளை இடது கைக்காரர். அந்த அறையில் உட்கார்ந்து கேட்டவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.)

கடைசி வரிசை:

நான் ஜாஸுக்குப் புதியவள், கச்சேரிக்குப் பழையவள். என் பேத்தி போட்டுக் காட்டினாள்.

மிங்கஸ் பாட்டைப் பற்றிப் பேசுகிறீர்களே, அதன் ஆரம்பத்தை யாரும் சொல்லவில்லை. துணைக்கு ஒன்றுமே இல்லாமல் தனியாகப் பாடுகிறார். சுருதிப் பெட்டிகூட இல்லை. ஒரு ஸ்வரத்திலிருந்து எங்கோ தாவி, நடுவில் நிறுத்தி, அமைதியாக இருந்து, மறுபடி எடுக்கிறார். பிறகு வாத்தியங்கள் வந்து சேரும்போது சுருதி அப்படியே பொருந்துகிறது. தம்புரா இல்லாமல் அவ்வளவு நேரம் சுருதியைப் பிடித்துக்கொண்டிருப்பது சாமானிய வேலை இல்லை. இதில் குரல் பின்னால் இருக்கிறது என்கிறீர்கள். அந்த இடத்தில் குரலைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

ஆனால் ஒன்று. முதல் தடவை கேட்டபோது அந்த இடம் எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. மேலே ஃபேன் நாலில் ஓடிக்கொண்டிருந்தது. பேத்தி நிறுத்தினாள், அப்புறம்தான் அந்தத் தாழ்ந்த ஸ்வரங்களின் கார்வை கேட்டது. சென்னையில் ஃபேன் இல்லாமல் ஒரு ஆல்பம் முழுக்கக் கேட்பவர் யார் என்று தெரியவில்லை.

மிருதங்க மைக்கை ஏற்று ஏற்று என்று சைகை காட்டிக் காட்டியே நம் சபாக்களில் பாட்டு கேட்கிற பழக்கம் போய்விட்டது. டிசம்பரில் ஒரு சபாவில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன், மிருதங்கத்தின் இடதுபக்கத் தொப்பியின் அடி நெஞ்சுக்கூட்டில் விழுந்தது, சாகித்யம் ஒரு வார்த்தை புரியவில்லை. அதற்கு யாரும் இப்படி விவாதம் நடத்தக் காணோம்.

கோடம்பாக்கம் ஃபேடர்:

மேடம், சபா சவுண்டு பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும். ஐந்நூறு பேர் உட்காரும் ஹாலில் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் நேரே மைக் வைத்து, மேடையில் மானிட்டரையும் அலறவிட்டால் அப்படித்தான் இருக்கும். தனியாக எழுதுகிறேன்.

மயிலை மாடிவீடு:

எல்லோரும் ஏற்பாடு, வரலாறு என்று போய்விட்டீர்கள். நான் கேட்டது ஒலி. தனியாகப் பாடும் இடம் நன்றாகக் கேட்கிறது, அதில் எனக்குச் சண்டை இல்லை. கூட்டம் சேர்ந்த பிறகு டபுள் பாஸ் சில ஸ்வரத்தில் ‘பூம்’ என்று வீங்குகிறது, சில ஸ்வரத்தில் காணவே காணோம். அந்த வீக்கத்தில் குரலின் கீழ்ப்பகுதி மூழ்குகிறது. இதுவும் ஐந்தாவது ஊதுகருவியா?

ரிச்சி தெரு:

சார், அறை எவ்வளவு பெரியது? தரை என்ன? ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது?

மயிலை மாடிவீடு:

10க்கு 12 அடி. டைல்ஸ். சுவரை ஒட்டி ஷெல்ஃபில். ஜன்னலுக்குத் திரை இல்லை, கிரில் மட்டும்.

ரிச்சி தெரு:

பாஸ் வீக்கத்தின் முகவரி கிடைத்துவிட்டது.

இரண்டு எதிரெதிர்ச் சுவருக்கு நடுவே ஒரு குறிப்பிட்ட அலைநீளம் சிக்கிக்கொண்டு நிற்கும். ஒலியின் வேகத்தைச் சுவர் இடைவெளியின் இரண்டு மடங்கால் வகுத்தால் அந்த அதிர்வெண் வந்துவிடும். 12 அடிக்குச் சுமார் 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்குச் சுமார் 56. டபுள் பாஸின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ் பக்கம். ஆக, அந்தத் தந்தியிலும் அடுத்த தந்தியின் தொடக்கத்திலும் இருக்கிற சில ஸ்வரங்கள் உங்கள் அறையில் வீங்கும், பக்கத்து ஸ்வரங்கள் ஒல்லியாகும். பாஸ் தாளத்துக்கு ஒரு ஸ்வரமாக ‘நடக்கிற’ பாட்டில் இது அடிக்கு அடி தெரியும். சினிமாப் பாட்டில் பாஸ் பெரும்பாலும் கம்ப்ரஸ் ஆகி ஒரே கனத்தில் வருவதால் இவ்வளவு உறுத்தாது. ‘லிங்கர் அவைல்’ ஆல்பத்திலும் இதே பாஸ் பிரச்சினை உங்கள் அறையில் இருந்திருக்கும், மேலே நாலு ஊதுகருவி இல்லாததால் நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

டிரம்பெட் கிழிப்பதற்குக் காரணம் டைல்ஸும் வெறும் சுவரும். கான்கிரீட் கூரை, பளிங்குத் தரை, கண்ணாடி ஜன்னல் என்று கட்டுகிற நம் ஃபிளாட்டுகள் எல்லாம் உயர் அதிர்வெண்ணைத் திருப்பித் திருப்பி அடிக்கும். கையைத் தட்டிப் பாருங்கள், ‘டிர்ர்’ என்று வால் வரும்.

செலவில்லாத வேலை: ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுங்கள். உங்களுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் தரையில் ஒரு பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள். ஜன்னலுக்குக் கனத்த திரை. இதெல்லாம் மேல் பகுதிக்கு உதவும். 47 ஹெர்ட்ஸை ஜமக்காளம் ஒன்றும் செய்யாது, அதற்கு நாற்காலியை நகர்த்துவதுதான் வழி. பின்சுவரில் சாய்ந்து கேட்காதீர்கள்.

இன்னும் ஒன்று, மெல்ல வைத்துக் கேட்டால் பாஸ் குறைவாகத்தான் கேட்கும். 1933இலேயே ஃபிளெச்சரும் மன்சனும் அளந்து காட்டியது: சத்தம் குறையக் குறையக் காது தாழ்ந்த ஒலியை அதிகமாக விட்டுவிடும். கீழ் வீட்டுக்காரருக்குப் பயந்து குறைத்தால் அதற்கான விலை இது.

அடையாறு தட்டு:

எல்பி (இசைத்தட்டு) வாங்கலாமா? அதில் குரல் முன்னால் வருமா?

மடிப்பாக்கம் மோனோ:

வராது. அதே மிக்ஸ்தானே. கடற்கரைப் பக்கம் இருக்கிறீர்கள், உறையில் பூஞ்சை வராமல் நிறுத்தி வைக்க இடம் இருந்தால் வாங்குங்கள். படுக்க வைக்காதீர்கள்.

வேளச்சேரி ஹெட்போன்:

ஒயர் போட்டுக் கேட்டேன். ‘ஸ்’ கொஞ்சம் அடங்கியது, முழுதாகப் போகவில்லை. வேறு ஹெட்போனில், அலுவலக நண்பனுடையது, சுத்தமாக இல்லை. அப்படியென்றால் என் ஹெட்போன்தானா?

கோடம்பாக்கம் ஃபேடர்:

பெரும்பாலும் அதுதான் தம்பி. ‘ஸ்’ ஒலியின் பலம் 5இலிருந்து 8 கிலோஹெர்ட்ஸ் வரை இருக்கும். நிறைய ஹெட்போன்கள் ‘தெளிவு’ என்ற பெயரில் அதே இடத்தைத் தூக்கி வைத்திருக்கின்றன. கடையில் இரண்டு நிமிஷம் கேட்கும்போது பிரகாசமாக இருக்கும், வீட்டில் ஒரு மணி நேரம் கேட்டால் தலைவலி. செயலியில் ஈக்வலைசர் இருந்தால் 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு மூன்று டெசிபல் இறக்கிப் பாருங்கள்.

இது கன்டென்சர் மைக்குக்கு அருகில் நின்று பாடுகிற எல்லோருக்கும் வருகிற தலைவலி. ‘டி-எஸ்ஸர்’ போட்டு அடக்கலாம். அதிகம் போட்டால் பாடுபவருக்குப் பல் போன மாதிரி ஆகிவிடும். இங்கே குறைவாகப் போட்டிருக்கிறார்கள், அல்லது போடவே இல்லை. எனக்கு அது சம்மதம்.

கடைசி வரிசை:

சன் ரா என்பவரின் பாட்டு ஒன்று இருக்கிறது, ‘பீஸ் ஆஃப் மைண்ட்’ என்று ஒன்றோடு சேர்த்துப் பாடுகிறார். அதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். கனமான குரல், அவசரமே இல்லை. இவருடைய தாத்தா பாட்டி தேவாலய காஸ்பெல் பாடகர்கள் என்று பேத்தி சொன்னாள். ஆச்சரியமில்லை. ‘நோ மோர் புளூஸ்’ மட்டும் எனக்கு வேகம் அதிகம், துக்கடாவில் கைத்தட்டலுக்குப் பாடுகிற மாதிரி.

பெரம்பூர் டிரம்பெட்:

அந்த வேகத்தில் அவ்வளவு வார்த்தையையும் விழுங்காமல் பாடியிருக்கிறாரே அம்மா. கைத்தட்டல் கொடுத்தால் என்ன?

மயிலை மாடிவீடு:

ரிச்சி சார் சொன்னபடி செய்துவிட்டேன். ஸ்பீக்கர் முன்னால் வந்துவிட்டது. ஜமக்காளம் விரித்தாயிற்று, வீட்டில் ‘என்ன கச்சேரியா’ என்று கேட்டார்கள். டிரம்பெட்டின் கூர்மை நன்றாகவே அடங்கியது. பாஸ் இப்போது ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக நடக்கிறது, அதற்கு நன்றி.

ஆனால் குரல் இன்னும் கூட்டத்துக்குள்தான் நிற்கிறது. அறையால் வந்தது போய்விட்டது, மிக்ஸால் வந்தது மிச்சம் இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். ஃபேடர் சார் அதைத் தேர்வு என்கிறார். எனக்கு அந்தத் தேர்வு பிடிக்கவில்லை. ‘லிங்கர் அவைல்’ பக்கமே என் ஓட்டு.

கோடம்பாக்கம் ஃபேடர்:

அது நியாயமான கருத்து சார். கோட்டை விட்டார்கள் என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பெரம்பூர் டிரம்பெட்:

மயிலை சார், ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை கேட்கும்போது குரலை விட்டுவிட்டு டிராம்போனை மட்டும் பின்தொடருங்கள். அவர் எங்கெல்லாம் குரலுக்குக் கீழே போய் நிற்கிறார் என்று தெரியும். அப்புறம் குரல் தானாகவே மேலே தெரியும்.

மயிலை மாடிவீடு:

அண்ணே, டிராம்போனைப் பின்தொடர நான் காசு கொடுக்கவில்லை. பாடகிக்குத்தான் கொடுத்தேன்.